தரவுச் சேமிப்பை நம்பிப் பேராசிரியர் பணிக்கு வரலாமா?

ஆய்வு மாணவன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கணினி அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். என் ஆய்வு, வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் மென்பொருள்களான கோப்பு முறைமைகளைப் பற்றியது. குறிப்பாக, எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றுபோனால் வட்டில் எது மிஞ்சும், எது சிதையும், மீண்டும் இயக்கும்போது அதை எவ்வாறு சீர்செய்வது என்பதே நான் பார்த்துவரும் வேலை. பட்டம் பெற்றபின் கற்பித்துக்கொண்டும் ஆய்வு செய்துகொண்டும் பல்கலைக்கழகத்திலேயே இருந்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சென்ற வாரம் உடன் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர், "சேமிப்பு என்பது தீர்த்து முடித்த கணக்கு. மிச்சம் மீதி இருந்தால் பெரிய நிறுவனங்கள் பார்த்துக்கொள்ளும். இப்போதே இயந்திரக் கற்றலுக்கு மாறிவிடு" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான், இருந்தாலும் அன்றிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. நெறியாளரிடம் கேட்டால் தம் துறையை விட்டுக்கொடுக்க மாட்டார். நிறுவனத்தில் இருப்பவர்களைக் கேட்டால் அங்கே வரச் சொல்வார்கள். ஆகையால் இங்கே கேட்கிறேன்.

இத்துறையில் பெயர் பெற்ற பேராசிரியர்களின் இணையப் பக்கங்களைப் பார்த்தால் கட்டுரைப் பட்டியல்தான் நீளமாகத் தெரிகிறது. இருபது, முப்பது ஆண்டுகள் ஒருவரை இதிலேயே நிறுத்தி வைத்தது எது என்பது அதில் தெரிவதில்லை. அடுத்து, நாடா போய் வட்டு வந்தது, வட்டுக்குப் பக்கத்தில் சுழலும் பாகமில்லாத ஃபிளாஷ் சில்லு வந்தது. ஒரு சாதனத்தை நம்பி ஆய்வைக் கட்டியவர், அது சந்தையை விட்டுப் போனால் என்ன செய்வார்? இன்னொரு தயக்கமும் உண்டு. லட்சக்கணக்கான வட்டுகளை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு முன்னால், பத்துப் பன்னிரண்டு சர்வர்கள் கொண்ட ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் கண்டுபிடிக்கக்கூடியது ஏதேனும் இருக்கிறதா? பொதுவான ஊக்க வார்த்தைகளைவிட, உண்மையான மனிதர்களின் பணி எப்படி அமைந்தது என்று சொன்னால் எனக்குப் பெரிதும் உதவும்.

பழுதுக்கணக்கு எழுதியது:

தம்பி, "தீர்த்து முடித்த கணக்கு" என்ற பேச்சு நான் மாணவனாக இருந்த காலத்திலேயே உண்டு. அன்று அப்படிச் சொன்னவர்கள் இன்று எந்தத் துறையில் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. கணக்கு மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது. ஒரே ஓர் எண்ணைப் பிடித்துக்கொண்டு இத்துறைப் பேராசிரியர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்லிவிட முடியும் என்பதால், அப்படியே சொல்கிறேன். அவர் கார்த் கிப்சன். அந்த எண், ஒரு வட்டு பழுதாவதற்கு முன் சராசரியாக எத்தனை மணி நேரம் ஓடும் என்று தயாரிப்பாளர் சொல்லும் கணக்கு.

1988இல் டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து, தரவுத்தள ஆய்வுக்கான சிக்மாட் மாநாட்டில், பல சிறு வட்டுகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு முறை பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். கிப்சன் அப்போது உங்களைப் போல ஆய்வு மாணவர். 7,500 மெகாபைட் கொள்ளும் ஐபிஎம் 3380 என்ற பெருவட்டுக்கு எதிரே, தனிக்கணினிகளுக்காகச் செய்யப்பட்ட 100 மெகாபைட் கானர் வட்டு ஒன்றை வைத்து ஒப்பிட்டார்கள். சிறியவற்றை நிறையச் சேர்த்து ஒரே வட்டுப் போல இயக்கினால் வேகமும் கிடைக்கும், செலவும் குறையும். இதுவரை யாருக்கும் தோன்றக்கூடியதுதான். அதற்கு அடுத்த வரியில்தான் கட்டுரையின் உயிர் இருக்கிறது: ஒரு வட்டுக்கு 30,000 மணி நேரம் என்றால், 100 வட்டுகளில் ஏதேனும் ஒன்று பழுதாக 300 மணி நேரம், அதாவது இரண்டு வாரத்துக்கும் குறைவான காலம் போதும். 1,000 வட்டுகள் என்றால் 30 மணி நேரம். இந்த வகுத்தல் கணக்கைச் செய்து பார்த்துவிட்டால், பழுதான வட்டில் இருந்ததை மற்ற வட்டுகளிலிருந்து கணக்கிட்டு மீட்பதற்கு உரிய சரிபார்ப்புத் தகவலை எங்கே, எப்படி வைப்பது என்ற கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. ரெய்டு நிலைகள் என்று அந்தக் கட்டுரை வகுத்தவை எல்லாம் அந்தக் கேள்விக்கான விடைகள்தாம்.

கிப்சன் 1991இல் பட்டம் பெற்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே இணைத் தரவு ஆய்வகத்தைத் தொடங்கினார். நிறுவனங்கள் பல கூடி ஆதரிக்கும் ஓர் அமைப்பாக அது வளர்ந்து இன்றும் நடக்கிறது. சர்வரின் பின்னால் ஒளிந்திருந்த வட்டை நேரடியாக வலையமைப்பில் இணைக்கும் ஆய்வு தொண்ணூறுகளில் அங்கே நடந்தது. 1999இல் பனாசஸ் என்ற சேமிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். பிறகு டொரண்டோவில் வெக்டர் கழகத்தின் முதல் தலைவரானார் என்பதையும் சொல்ல வேண்டும். அது செயற்கை நுண்ணறிவுக்கான கழகம் என்பதால் உங்கள் நண்பர் மகிழ்ந்துகொள்ளட்டும்.

எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது 2007ஆம் ஆண்டின் ஒரு கட்டுரை. பியாங்கா ஷ்ரோடர் அப்போது கார்னகி மெலனில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர். அவருடைய முனைவர் ஆய்வு சேமிப்பைப் பற்றியதே அன்று, பணிவரிசைகளை ஒழுங்குபடுத்துவது பற்றியது. அவரும் கிப்சனும் பழைய எண்ணை மீண்டும் கையில் எடுத்தார்கள். இதற்குள் தயாரிப்பாளர்களின் விவரத்தாளில் 30,000 மணி என்பது 10 லட்சம் மணியாக, சிலவற்றில் 15 லட்சமாக வளர்ந்திருந்தது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதை 10 லட்சத்தால் வகுத்தால் ஆண்டுக்கு அதிகம் போனால் 0.88 விழுக்காடு வட்டுகள் பழுதாக வேண்டும். திருப்பிப் போட்டால் 114 ஆண்டு. எந்த வட்டையும் யாரும் 114 ஆண்டு ஓட்டிப் பார்த்ததில்லை. ஏறத்தாழ ஒரு லட்சம் வட்டுகளின் மாற்றுப் பதிவுகளைப் பல இடங்களிலிருந்து வாங்கிப் பார்த்தபோது, ஆண்டுக்கு 2 முதல் 4 விழுக்காடு மாற்றப்படுவது வழக்கமாக இருந்தது, சில இடங்களில் 13 விழுக்காடு வரைகூடப் போனது. புதிதில் கொஞ்சம் பழுதாகும், பிறகு சில ஆண்டுகள் அமைதியாக ஓடும், கடைசியில் தேயும் என்று நாம் கரும்பலகையில் வரையும் அந்தத் தொட்டி வடிவக் கோடும் பதிவுகளில் இல்லை. வட்டுகள் தொடக்க ஆண்டுகளிலிருந்தே தேய்ந்துகொண்டு வந்தன.

ஷ்ரோடர் பின்னர் டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2009இல் நினைவகப் பிழைகளையும், 2016இல் கூகுள் நிறுவனத்தின் தரவு மையங்களில் ஆறு ஆண்டுகள் ஓடிய ஃபிளாஷ் சாதனங்களையும் இதே முறையில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஆராய்ந்தார். விலை உயர்ந்த வகை ஃபிளாஷ் நடைமுறையில் அதிக நம்பகமானதாகத் தெரியவில்லை என்பது அதில் வந்த முடிவுகளுள் ஒன்று. சாதனம் போனால் என்ன செய்வது என்று கேட்டீர்கள். விவரத்தாளில் எழுதியிருப்பது களத்தில் நடக்கிறதா என்று பார்ப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டவருக்கு எந்தச் சாதனம் வந்தாலும் வேலை இருக்கிறது.

நாடாக்காலம் எழுதியது:

பழுதுக்கணக்கு ஐயா சொன்னதில் தவறில்லை. ஆனால் ஒரு கதவைத் திறந்த நிலையிலேயே காட்டிவிட்டார். அந்தக் கதவு எப்படித் திறந்தது என்பதும் இந்தத் தொழிலில் பாதி. நான் சில ஆண்டுகள் உதவிப் பேராசிரியராக இருந்துவிட்டு நிறுவனத்துக்குப் போனவன் என்பதால் இரு பக்கமும் நின்று பார்த்திருக்கிறேன்.

பழுதுப் பதிவு என்பது எந்த நிறுவனமும் விரும்பி வெளியே காட்டும் பொருள் அன்று. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ரெம்சி, ஆண்ட்ரியா அர்பாசி-டுஸ்ஸோ இணையரின் ஆய்வுக்குழு நெட்ஆப் என்ற சேமிப்பு நிறுவனத்தோடு சேர்ந்து செய்த ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 15.3 லட்சம் வட்டுகளை 32 மாதங்கள் பார்த்து, படிக்க முயலும் வரை வெளியே தெரியாமல் வட்டில் உறங்கிக்கிடக்கும் பழுதுப் பகுதிகளை எண்ணினார்கள். வெளியான கட்டுரையைப் புரட்டினால், வட்டுத் தயாரிப்பாளரின் பெயர் எங்கும் இல்லாமல், வட்டு வகைகள் வெறும் எழுத்துக்களால் குறிக்கப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். அந்த ஒற்றை எழுத்துக்குப் பின்னால் எத்தனை கூட்டங்களும் ஒப்பந்தங்களும் இருந்திருக்கும் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நான் ஆசிரியனாக இருந்தபோது ஒரு நிறுவனம் தன் பதிவுகளைத் தர வாய்மொழியாக ஒப்புக்கொண்டது. அதன் சட்டப் பிரிவு கையெழுத்துப் போட பதினான்கு மாதங்கள் ஆயின. அதற்குள் அந்த வேலைக்கென்று சேர்ந்த மாணவி வேறு தலைப்பில் ஆய்வேட்டின் பாதியை எழுதி முடித்திருந்தாள். ஆகவே, நிறுவனப் பதிவை நம்பி முதல் ஆய்வேட்டைத் திட்டமிடாதீர்கள். அது வந்தால் இரண்டாவது வேலையாக இருக்கட்டும்.

இதை எதிர்ப்பக்கத்திலிருந்தும் சொல்ல வேண்டும். பேராசிரியர் சிலர் கதவைத் தட்டிக்கொண்டிருக்காமல் தாங்களே கட்டிக்கொண்டார்கள். பிரின்ஸ்டனில் இருந்த காய் லீ முதலில் பெயர் பெற்றது, பல கணினிகளின் நினைவகத்தை ஒன்றுபோல் காட்டும் ஆய்வுக்காக. 2001இல் டேட்டா டொமைன் என்ற நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். காப்புப் பிரதி எடுக்கும்போது ஒரே தரவு திரும்பத் திரும்ப வருகிறது. அதை ஒரு முறை மட்டும் வைத்தால் போதும் என்ற எண்ணம் எளிதானது. கணக்கைப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். தரவை 8 கிலோபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் 20 பைட் அடையாளம் வைத்தால், 8 டெராபைட்டுக்கு அடையாளங்களின் பட்டியல் மட்டுமே 20 ஜிகாபைட் ஆகும். அன்றைய நினைவகத்தில் அது அடங்காது. வட்டில் வைத்தால், வரும் ஒவ்வொரு துண்டுக்கும் வட்டின் முள் ஓடித் தேட வேண்டும். காப்புப் பிரதி விடிந்தாலும் முடியாது. இந்தத் துண்டு நிச்சயமாகப் புதியது என்று நினைவகத்திலிருந்தே சொல்லிவிடும் ஒரு சிறிய வடிகட்டி, சேர்ந்து வந்தவற்றின் அடையாளங்களைச் சேர்த்தே வைக்கும் ஓர் ஒழுங்கு ஆகியவற்றால் அந்தத் தேடல்களில் 99 விழுக்காட்டுக்கு மேல் தவிர்க்க முடிந்தது என்பதை 2008இல் சேமிப்புத் துறைக்கான ஃபாஸ்ட் மாநாட்டில் எழுதினார்கள். மறு ஆண்டு இஎம்சி என்ற பெரிய சேமிப்பு நிறுவனம் அதை வாங்கியது. பேராசிரியர் பல்கலைக்கழகப் பணியை விட்டுவிடவில்லை.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் நடந்தது வேறு வகை. சேஜ் வைல் முனைவர் பட்டத்துக்காகக் கட்டிய, தரவைப் பல கணினிகளில் பகிர்ந்து வைக்கும் செஃப் என்ற சேமிப்பு முறைமை 2006இல் கட்டுரையாக வந்தது. பட்டம் வாங்கியபின்னும் அவர் அதை விடவில்லை. திறந்த மூல மென்பொருளாக வளர்த்தார், அதைச் சார்ந்து அவர் தொடங்கிய நிறுவனத்தை 2014இல் ரெட் ஹாட் வாங்கியது. மாணவரின் ஆய்வுக்கால நிரல் உலகெங்கும் ஓடுவது பேராசிரியர்களுக்கு அரிதாகக் கிடைக்கும் பேறு. அதைப் பார்த்துவிட்டு ஒவ்வோர் ஆய்வேட்டிலிருந்தும் ஒரு செஃப் வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் நெறியாளர்களையும் கண்டிருக்கிறேன், அவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

உதவிப் பேராசிரியை எழுதியது:

கேள்வி கேட்டவரின் தலைப்பும் என் தலைப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால், சிறிய ஆய்வகத்தைப் பற்றிய அவருடைய கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். மற்றவை பெரியவர்கள் பேசட்டும்.

உங்கள் வேலைக்கு லட்சம் வட்டுகள் வேண்டியதில்லை. ஒரு நிரல் ஒரு கோப்பைப் புதுப்பிக்க விரும்புகிறது என்று வையுங்கள். பழையதன் மேல் எழுதினால் பாதியில் மின்சாரம் போகலாம் என்று பயந்து, தற்காலிகக் கோப்பில் எழுதி, பிறகு பழைய பெயரை அதற்குச் சூட்டுகிறது. பார்ப்பதற்குக் குறையில்லாத வழிதான். ஆனால் பெயர்மாற்றம் வட்டுக்குப் போய்ச் சேர்ந்து, உள்ளடக்கம் இன்னும் நினைவகத்திலேயே இருக்கும் ஒரு நொடியில் மின்சாரம் நின்றால், பழைய பெயரில் வெறும் கோப்பு ஒன்று மிஞ்சும். பழைய தரவும் இல்லை, புதியதும் இல்லை. பெயரை மாற்றுவதற்கு முன், நினைவகத்தில் இருப்பதை உடனே வட்டில் எழுதச் சொல்லும் எஃப்சிங்க் என்ற கட்டளையைக் கொடுக்க வேண்டும், மாற்றியபின் கோப்பு இருக்கும் அடைவுக்கும் (கோப்புறைக்கும்) கொடுக்க வேண்டும். இதை அறியாத நிரலர்கள் உண்டு என்பது எல்லோரும் சொல்லும் பொதுப்பேச்சு. 2014இல் விஸ்கான்சின் குழுவினர் அதை ஆய்வாக்கினார்கள். பலரும் பயன்படுத்தும் பதினொரு பயன்பாட்டு மென்பொருள்கள் கோப்பு முறைமையிடம் விடுக்கும் அழைப்புகளைப் பதிவுசெய்து, எந்த எந்த வரிசையில் அவை வட்டை அடையக்கூடும் என்று ஒரு கருவியால் ஆராய்ந்து, 60 பலவீனங்களைக் கண்டார்கள். அதற்குத் தேவைப்பட்டது கூர்மையான கேள்வியும், அந்தக் கேள்வியைத் தானே கேட்கும்படி எழுதப்பட்ட ஒரு கருவியும்தான். வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது மாணவர்களை அவர்கள் சென்ற பருவத்தில் எழுதிய நிரலையே திறந்து பார்க்கச் சொல்வேன். அன்று வகுப்பில் தூங்குபவர் யாருமில்லை.

சாதனத்தை நம்புவது பற்றி என் தலைமுறையின் பாடத்தைச் சொல்கிறேன். 2015இல் இன்டெலும் மைக்ரானும் ஒரு புதிய நினைவக நுட்பத்தை அறிவித்தன. மின்சாரம் போனாலும் தரவு அழியாது, ஃபிளாஷைவிட வேகம், செயலியோடு நினைவகத்தைப் போலவே பேசும் என்றார்கள். அது ஆப்டேன் என்ற பெயரில் சந்தைக்கு வருவதற்கு முன்பே, போலியாக்கம் செய்த கருவிகளின் மேல் கோப்பு முறைமைகளைக் கட்டத் தொடங்கிவிட்டோம். மாநாடுகளில் அமர்வுக்கு அமர்வு அதுவே. 2022இல் இன்டெல் அந்தத் தொழிலைக் கைவிட்டது. நேர்காணலுக்குப் போகும் வழியில் ஆய்வேட்டின் தலைப்பிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிடலாமா என்று யோசித்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் யார் தப்பினார்கள் என்று பார்த்தால், "இந்தச் சில்லில் இத்தனை மடங்கு வேகம்" என்று எழுதியவர்கள் அல்லர். பைட் அளவில் நிலைத்து நிற்கும் நினைவகம் இருந்தால் எழுத்தின் வரிசையை யார் காப்பது என்று கேட்டவர்கள்தாம். அந்தக் கேள்வி வேறு இடங்களிலும் செல்லும்.

இதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. மெண்டல் ரோசன்பிளமும் ஜான் ஔஸ்டர்ஹௌட்டும் 1991இல் ஒரு கோப்பு முறைமையை முன்வைத்தார்கள். எதையும் பழைய இடத்தில் திருத்தாமல், எல்லாவற்றையும் ஒரு நாட்குறிப்பைப் போல வரிசையாக எழுதிக்கொண்டே போய், செல்லாத பக்கங்களைப் பிறகு துப்புரவு செய்வது அதன் வழி. சுழலும் வட்டின் முள் அங்குமிங்கும் ஓடுவதைக் குறைப்பதற்காக எண்ணியது அது. துப்புரவுக்கு ஆகும் செலவு தாங்குமா என்று மார்கோ செல்ட்சர் போன்றோர் அளந்து காட்டி ஐயம் எழுப்பினார்கள். வாதம் பல ஆண்டுகள் நீண்டது. ஃபிளாஷில் எழுதிய இடத்தை அழிக்காமல் அதன்மேல் மீண்டும் எழுத முடியாது. ஆகவே இன்று ஃபிளாஷால் ஆன சேமிப்புச் சாதனமான ஒவ்வோர் எஸ்எஸ்டியின் உள்ளேயும் ஏறக்குறைய அதே நாட்குறிப்பு முறைதான் ஓடுகிறது, அதே துப்புரவுத் தொல்லையோடு.

அந்தத் தொல்லையை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் என் மாணவர் ஒருவர் புதிய எழுத்து முறை ஒன்றைக் கட்டினார்; எஸ்எஸ்டியில் அளந்தபோது முடிவுகள் கண்ணைப் பறித்தன. கட்டுரையை அனுப்ப ஒன்பது நாட்கள் இருந்தன. வரைபடத்தில் கோடுகள் அத்தனை வழுவழுப்பாக இருந்ததே எனக்கு உறுத்தியது. சாதனத்தை எப்போது வாங்கியது என்று கேட்டேன். அந்த வாரம்தான் உறையைப் பிரித்திருந்தார்கள். முழுவதும் காலியாக இருந்த சாதனத்துக்குள் துப்புரவு செய்ய எதுவும் இல்லை. அதை இரண்டு முறை முழுக்க நிரப்பிவிட்டு மறுபடி அளந்தபோது எழுதும் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது. பழைய முறைக்கும் எங்கள் முறைக்கும் வேறுபாடே இல்லை. கட்டுரையை நிறுத்திவிட்டோம். அரை ஆண்டு போயிற்று. இப்போது எங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு சாதனத்தின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது: வாங்கிய நாள், இதுவரை எழுதிய அளவு, கடைசியாக நிரப்பிய நாள்.

பணி நிரந்தரமாவதைப் பற்றியும் சுருக்கமாக. அமெரிக்க முறையைப் பின்பற்றும் இடங்களில் ஆறு ஆண்டளவில் உங்கள் பணியை எடைபோடுவார்கள். வெளியாட்களிடமிருந்து மதிப்பீட்டுக் கடிதங்கள் கேட்பார்கள். சேமிப்புத் துறையில் ஒரு முறைமையைக் கட்டி, ஓடவைத்து, அளந்து முடிக்க இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஃபாஸ்ட் மாநாடு 2002இல் தொடங்கியது. அதற்கு வரும் கட்டுரைகளில் ஐந்தில் ஒன்று அளவே ஏற்கப்படும். மற்ற துறைகளில் இருக்கும் தேர்வுக்குழு உறுப்பினர் உங்கள் பட்டியலின் நீளத்தைப் பார்த்து முகம் சுளிக்கலாம். பெரிய கட்டுமானம் ஒன்றும், அதன் பக்கத்தில் ஆறு மாதத்தில் முடியக்கூடிய அளவீட்டு வேலை ஒன்றுமாக நான் நடத்திவருகிறேன். இது சரியான வழியா என்பது இரண்டு ஆண்டுகளில் எனக்கே தெரிந்துவிடும்.

ஓரெழுத்துப் பிழை எழுதியது:

மேலே யாரும் தொடாத ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: கற்பிக்கும் எழுத்து. இத்துறையில் சிலருடைய பெயர் புதிய கண்டுபிடிப்பைவிட, பழையதை மற்றவர்களுக்குப் புரியவைத்ததால் நிலைத்திருக்கிறது. அர்பாசி-டுஸ்ஸோ இணையர் இயங்குதளங்களைப் பற்றி எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பாடநூலை நீங்களே படித்திருப்பீர்கள்.

டென்னசி பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் பிளாங்க் 1997இல், சில வட்டுகள் போனாலும் மிஞ்சியவற்றிலிருந்து தரவை மீட்க உதவும் ரீட்–சாலமன் குறியீட்டை ரெய்டு போன்ற முறைமைகளில் எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பயிற்சிக் கட்டுரை எழுதினார். அந்தக் குறியீடு 1960இலேயே வந்தது. ஆனால் அதற்கான கணித எழுத்து, நிரல் எழுதுபவர்கள் நெருங்க முடியாதபடி இருந்தது. பிளாங்கின் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு பலர் நிரல் எழுதினார்கள். அதில் ஒரு பிழை இருந்தது. மூலைவிட்டத்தில் மட்டும் 1 உள்ள எண் அட்டவணையான அலகு அணிக்குக் கீழே, எண்களின் அடுக்குகளால் ஆன வாண்டர்மாண்ட் அணியை ஒட்டவைத்தால், எந்த வட்டுகள் போனாலும் மிஞ்சிய வரிகளைக் கொண்டு மீட்டுவிடலாம் என்று எழுதியிருந்தார். இக்குறியீடு கணக்கிடும், குறிப்பிட்ட எண்ணிக்கையிலான எண்களை மட்டும் கொண்ட முடிவுறு புலத்தில் அது எப்போதும் உண்மையாகாது; சில சேர்க்கைகளில் அணியை நேர்மாறாக்க முடியாமல் போகும், அப்போது தரவும் போகும். முழு வாண்டர்மாண்ட் அணியை எடுத்துக்கொண்டு, அதன் மேற்பகுதி அலகு அணியாகும் வரை அதன் நெடுவரிசைகளில் மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்று, யிங் டிங்கோடு சேர்ந்து எழுதிய திருத்தம் 2005இல் இதழில் வந்தது. தலைப்பிலேயே "திருத்தம்" என்ற சொல் இருக்கிறது. அடிக்குறிப்பில் ஒளித்து வைக்கவில்லை.

அவர் வெளியிட்ட ஜெரேஷர் என்ற நிரல் நூலகத்தை செஃப் முறைமையும் பயன்படுத்தியது. பிழையைத் தானே எழுதிக் காட்டியவரின் நிரலை நம்புவதற்குத் தயங்க வேண்டியதில்லை. அனுப்ப ஒன்பது நாட்களே இருந்தபோது உதவிப் பேராசிரியை அவர்கள் கட்டுரையை நிறுத்தியதைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஆய்வு மாணவன் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. உதவிப் பேராசிரியை அவர்கள் சொன்ன எஃப்சிங்க் சோதனையை நேற்றிரவே என் நிரலில் செய்து பார்த்தேன். அடைவுக்குக் கொடுக்க வேண்டியதை நானும் விட்டிருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக இதைத்தான் ஆராய்கிறேன் என்று சொல்லிக்கொள்பவன்!

பழுதுக்கணக்கு ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் துறையின் கணினி மையத்தில் ஏறத்தாழ 400 வட்டுகள் ஒன்பது ஆண்டுகளாக ஓடுகின்றன. மாற்றும்போதெல்லாம் அங்கிருக்கும் தொழில்நுட்ப உதவியாளர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். எந்தச் சட்டப் பிரிவின் கையெழுத்தும் வேண்டியதில்லை. அதை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா? அல்லது இவ்வளவு சிறிய எண்ணிக்கையைப் பார்த்துச் சிரிப்பார்களா?

பழுதுக்கணக்கு எழுதியது:

சிரிக்க மாட்டார்கள். 400 வட்டுகள் ஒன்பது ஆண்டு என்றால் 3,600 வட்டு-ஆண்டுகள். விவரத்தாளின்படி 0.88 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 32 வட்டுகள் மாற்றப்பட்டிருக்க வேண்டும். களத்தில் கண்ட 2 முதல் 4 விழுக்காடு என்றால் 72 முதல் 144 வரை. இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தனியே ஒரு கட்டுரையாகாது. உங்கள் ஆய்வேட்டில் ஓர் இயலாகலாம்.

தொடங்கும் முன் மூன்று விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றிய நாள் எழுதியிருப்பார். பொருத்திய நாளும் இருக்கிறதா? இல்லையென்றால் வயதைக் கணக்கிட முடியாது. இன்னும் பழுதாகாமல் ஓடுபவற்றின் பட்டியலும் வேண்டும், அவற்றையும் கணக்கில் சேர்க்காவிட்டால் வட்டுகள் உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரியும். கடைசியாக, மாற்றப்பட்ட வட்டு வேறு, பழுதான வட்டு வேறு. திரும்பி வரும் வட்டுகளில் கணிசமானவை தம் சோதனையில் நன்றாகவே ஓடுவதாகத் தயாரிப்பாளர்கள் சொல்வார்கள்; ஷ்ரோடரும் கிப்சனும் தம் கட்டுரையில் "மாற்று விகிதம்" என்றே எழுதியதற்கு அதுதான் காரணம். அந்த உதவியாளர் எதைப் பார்த்து ஒரு வட்டைக் கழற்றினார் என்று அவரையே உட்காரவைத்துக் கேளுங்கள். பிழைச் செய்தியைப் பார்த்தா, வேகம் குறைந்ததாலா, சத்தம் கேட்டா? அவர் பணி ஓய்வு பெறுவதற்கு முன் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் அது நோட்டில் இருக்காது. எண்ணி முடித்ததும், 32க்குப் பக்கத்தில் வந்ததா, 144க்குப் பக்கத்தில் வந்ததா என்று இங்கேயே எழுதுங்கள்.